செவலைக்கு ஒரு சோலி

ஓடு பிரித்த அன்றைக்கு நான் கோவிலூரில் இருந்தேன். ஐயா கட்டிய வீடு. இரண்டு மழைக்காலமாக ஒழுகி, பின்கட்டுச் சுவரில் பாசி படர்ந்துவிட்டது. ஆட்கள் மேலேறி நாட்டு ஓடுகளைக் கைமாற்றிக் கைமாற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது தாழ்வாரத்து உத்தரத்தில் இருந்து என்னவோ பொத்தென்று விழுந்தது. அணில் கூடாக இருக்கும் என்று குனிந்து பார்த்தால், இரண்டு முழ நீளத்தில் ஒரு கயிறு. கிணற்றில் இறைத்து இறைத்துத் தேய்ந்த தேங்காய்நார்க் கயிறு. இரு முனையிலும் முடிச்சு. ஒரு முடிச்சு மட்டும் நார் பிய்ந்து, பிரிந்து, பூவாக விரிந்து கிடந்தது. கடி பட்ட முடிச்சு. மறுமுனையைக் கையில் எடுத்தேன். விரல்கள் தாமாகவே இறுக்கிக்கொண்டன. யாரோ வந்து இழுக்கப்போவதுபோல.

இழுத்தது செவலை.

நாட்டு நாய்தான். நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். எங்கள் பக்கத்துச் செம்மண்ணில் படுத்துக்கிடந்தால் மண் எது, நாய் எது என்று தெரியாது. ஐயா ஆடு வைத்திருந்த காலத்தில் வந்தது. ஆட்டுக்குட்டிகளோடு வளர்ந்து, காலையில் பட்டி திறந்தால் முன்னால் ஓடி, பொழுது சாய்ந்தால் கடைசி ஆட்டுக்குப் பின்னால் வரும். ஒரு வருடம் மழை பொய்த்துக் கண்மாய் பாளம்பாளமாக வெடித்தபோது ஐயா ஆடுகளை விற்றுவிட்டார். செவலை மட்டும் வீட்டில் தங்கியது.

அதற்குப் பிறகு அது படுத்திய பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. வாசலில் விட்ட செருப்பு ஜோடியாகக் கிடைக்காது. மாட்டுக் கயிற்றைக் கடித்துப் போட்டது. காயப்போட்ட வேட்டியைக் கிழித்தது. நடுச்சாமத்தில் ஊரணிப் பக்கம் பார்த்துக் குரைக்க ஆரம்பித்தால் கோயிலில் விடிகால மணி அடிக்கும்வரை ஓயாது. பக்கத்து வீட்டுச் சேவலைப் பிடித்துக்கொண்டு வந்து படியில் வைத்த அன்றைக்கு ஐயா சங்கிலி வாங்கிவரக் கிளம்பினார். காரைக்குடி ஒன்றும் தூரமில்லை, சைக்கிள் மிதித்தால் போய்விட்டு உடனே வந்துவிடலாம்.

அப்பத்தா சைக்கிளின் பின்சீட்டைப் பிடித்து நிறுத்தினாள். "ஆடு போச்சு, அதுக்குச் சோலி போச்சு. சோலி இல்லாத மனுசனே ஊர் வம்பை இழுக்குறான். நாய் என்னங்க செய்யும்? அதுக்கு ஒரு சோலி குடுப்போம்."

எங்கள் ஊரில் வேலையைச் சோலி என்போம். வேலை என்றால் கூலி இருக்கும், முதலாளி இருப்பார். சோலி அப்படியில்லை. ஒருவர் பொழுதையும் மனசையும் சேர்த்துப் பிடித்துவைத்துக்கொள்வது எதுவோ அது. அப்பத்தா அன்றைக்குச் சொன்னது இந்த அர்த்தத்தில்தான். நாயின் மனத்தைப் பற்றி நான் அறிந்த முதல் வாக்கியம் அது. அதன்பிறகு எத்தனையோ படித்தும் அதைத் தாண்டிப் போனதாகத் தோன்றவில்லை.

கொல்லை பெரியது. ஒரு பக்கம் கிணறு, அதை ஒட்டி முருங்கை, அந்தப் பக்கம் வைக்கோல்போர், அதற்கப்பால் எருக்குழி. வேலியோரமாக ஒரு வேம்பு. சாயங்காலம் அப்பத்தா கேப்பைக் களி கிண்டினால் செவலைக்கும் அதில் பங்கு உண்டு. அதுவரை அதை ஒரு உடைந்த சட்டியில் கொட்டுவாள். வாய் வைத்தது தெரியும், காலியானது தெரியும், நடுவில் என்ன நடந்தது என்று தெரியாது. அன்று முதல் சட்டியைக் கவிழ்த்துவைத்துவிட்டாள். களியை நெல்லிக்காய் அளவில் உருட்டி ஆறவைத்தாள். எண்ணி ஏழு உருண்டை. போரில் இருந்து ஓர் அணை வைக்கோலைப் பிடுங்கி வேம்படியில் பரப்பி, அதற்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புதைத்தாள். என் அக்காள் செவலையைக் கழுத்தோடு கட்டிப்பிடித்துக்கொண்டு தொழுவத்துக்குப் பின்னால் நிற்பாள். "விடு" என்று குரல் வந்ததும் விடுவாள்.

முதல் நாள் அது வைக்கோலைத் தாண்டி ஓடிப்போய்க் கவிழ்ந்த சட்டியை முகர்ந்தது. அப்பத்தாவின் முகத்தைப் பார்த்தது. திரும்பவும் சட்டியைப் பார்த்தது. மூக்கைத் தூக்கிக் காற்றைப் பிடித்த பிறகுதான் வைக்கோல் பக்கம் வந்தது. மூன்றாம் நாள் எப்படியென்றால், நாங்கள் வைக்கோல் பிடுங்கப் போகும்போதே அது தொழுவத்துக்குப் பின்னால் போய்த் தானே நின்றுகொள்ளும்.

எங்கள் ஐயா காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். காலணாவுக்குக் கணக்கு இடித்தால் தூங்கமாட்டார். அந்தப் பழக்கம் அப்பத்தாவுக்கும் ஒட்டிக்கொண்டது. "ஏழு வச்சேன், ஆறுதான் எடுத்திருக்கு" என்று சொல்லிவிட்டு நகரமாட்டாள். ஒன்று விட்டுப்போனால் எறும்பு வரும், எலி வரும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, கணக்கு நேராகாமல் விளையாட்டு முடியாது. செவலையும் அவளோடு சேர்ந்து நிற்கும். கடைசி உருண்டையைத் தேடும்போது அது மூச்சு விடும் சத்தம் துருத்தி ஊதுவதுபோல எங்களுக்குக் கேட்கும். அது முடிந்ததும் வேம்படியிலேயே பொத்தென்று சரிந்து படுக்கும். காடு மேடெல்லாம் ஆட்டோடு அலைந்துவிட்டு வந்து படுத்தது மாதிரி இருக்கும். உண்மையில் அது நகர்ந்தது பத்தடிக்குப் பத்தடிதான்.

கொட்டான் விளையாட்டு எனக்கு இன்னும் பிடித்தது. செட்டிநாட்டுக் கொட்டானைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லவேண்டும். பனையோலையில், சாயம் தோய்த்த ஓலையும் வெள்ளோலையும் மாற்றி மாற்றி முடைந்த பெட்டி, அதே பின்னலில் கச்சிதமான மூடி. ஆச்சிமார் வீட்டில் விசேஷம் என்றால் கணக்குப்பிள்ளை வீட்டுக்கு ஒரு கொட்டான் நிறையப் பலகாரம் வரும். மாவுருண்டை, சீப்புச்சீடை, மனகோலம். பலகாரம் தீர்ந்தும் நெய்வாசம் ஓலையை விட்டுப் போகாது. கொட்டான் அப்பத்தாவிடம் பத்து வருடம் உழைக்கும். ஊசி, நூல், வெந்தயம், ரசீது எல்லாவற்றுக்கும் இருந்துவிட்டு, அடி கிழிந்து, ஓரம் பிரிந்த பிறகு செவலைக்கு வரும்.

உள்ளே ஒரு களி உருண்டையை வைத்து மூடிவிடுவாள். செவலை முதலில் உருட்டிப் பார்க்கும். பிறகு முன்னங்கால் இரண்டாலும் அணைத்துக்கொண்டு, மூடியின் விளிம்பை முன்பல்லால் கவ்வித் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து இழுக்கும். முரட்டு நாய் அது. ஆனால் அந்த ஓலையைக் கிழிக்காது, மூடியைத்தான் கழற்றும். கிழித்தால் நாளைக்கு விளையாட்டு இல்லை என்று அதற்குத் தெரியும் என்று அக்காள் அடித்துச் சொல்வாள். நான் அப்போது நம்பினேன். இப்போதும் நம்பத்தான் ஆசை.

இந்தக் கொட்டான் கலை ஒரு கட்டத்தில் அருகிப்போனது. வீடுகள் பூட்டிக்கிடந்தன, முடையத் தெரிந்த ஆச்சிமார் போய்ச்சேர்ந்தார்கள், பிளாஸ்டிக் டப்பா வந்தது. விசாலாட்சி ராமசாமி தம்முடைய அறக்கட்டளை வழியாகக் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அதை மீட்டெடுத்தார். இன்றைக்குக் கல்யாணங்களில் கொட்டானில் தாம்பூலம் போட்டுக்கொடுக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் மூடியைத் திறக்குமுன் தலையைச் சாய்க்கத் தோன்றும்.

கொட்டாங்குச்சியும் உண்டு. விளிம்பைக் கிணற்றடிக் கல்லில் தேய்த்து மழுக்கிவிட்டு, உள்ளே களியை அப்பிக் கொடுப்பாள். தேய்க்காமல் ஒருநாளும் கொடுத்ததில்லை. செவலை அதை நக்கி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். கோடையில் பழைய சோற்றுத் தண்ணீரை அகலமான மண்சட்டியில் ஊற்றி, வெள்ளரித் துண்டு மிதக்கவிடுவாள். மூக்கைத் தண்ணீருக்குள் விட்டுத் தும்மித் தும்மி எடுக்கும்.

குழி தோண்டுவதுதான் ஐயாவுக்கு ஆகாது. முருங்கை வேரைப் பறித்துவிடும் என்று கத்துவார். சித்திரை வெயிலில் எங்கள் மண் மேலே கொதிக்கும். ஒரு முழம் தோண்டினால் உள்ளே குளுமை. நாய்க்கு உடம்பெல்லாம் வேர்க்காது, வாய் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றவேண்டும். வயிற்றைக் குளிர்ந்த மண்ணில் வைக்கிற சுகத்துக்காகவே அது தோண்டியது. அப்பத்தா கிணற்றுத் தண்ணீர் வழிந்தோடும் ஓரத்தில் ஆற்றுமணல் இரண்டு கூடை கொட்டி, அதில் ஒரு பழந்துணியைப் புதைத்து, "இங்க தோண்டு, எம்புட்டு வேணா தோண்டு" என்று இடம் காட்டினாள். தடுக்க முடியாததற்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுப்பது அவள் வழி. எங்களையும் அப்படித்தான் வளர்த்தாள்.

கயிறு எங்களுடையது, பிள்ளைகளுடையது. கிணற்றுக் கயிறு நைந்ததும் நல்ல துண்டாகப் பார்த்து வெட்டி ஐயாதான் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். வேட்டியையும் மாட்டுக் கயிற்றையும் செவலை மறந்துபோனதை அவர் கவனித்துவிட்டார். ஒரு முனையில் நானும் அக்காளும், மறுமுனையில் செவலை. "கூடாது" என்றதும் விட்டுவிடவேண்டும், விட்டால் மறுபடி இழுக்கலாம் என்பது ஐயா வைத்த சட்டம். முடிந்ததும் கயிறு உத்தரத்துக்குப் போய்விடும். சும்மா கிடந்தால் அதற்கு மதிப்பில்லை என்பார். அந்த உத்தரத்தில்தான் இத்தனை வருடம் இருந்திருக்கிறது.

ஒரு தப்பைச் சொல்லியாகவேண்டும். யாரோ விருந்தாளி வந்திருந்தார்கள், கோழி அடித்திருந்தார்கள். அப்பத்தா பார்க்காத நேரத்தில் நான் இலையில் கிடந்த எலும்பை எல்லாம் பொறுக்கிக் களிக்குப் பதிலாக வைக்கோலில் புதைத்தேன். செவலைக்குப் பெரிய பரிசு கொடுப்பதாக நினைப்பு. ராத்திரி முழுக்க அது கக்கியது. மூன்று நாள் தண்ணீர்கூட இறங்கவில்லை. வேம்படியில் தலையைத் தரையோடு வைத்து, என் காலடிச் சத்தம் கேட்டால் வாலை மட்டும் ஒரு தட்டுத் தட்டும். நான் செய்ததைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. அப்பத்தா அடிக்கவில்லை. "வெந்த எலும்பு ஊசி மாதிரிச் சிலாம்பாகும் அப்பு, கொடலைக் கிழிச்சுரும்" என்றாள். மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். பிழைத்துக்கொண்டது. அந்த வால் தட்டிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

தேய்பிறை அஷ்டமிக்கு அப்பத்தா வைரவன்பட்டிக்குப் போவாள். நகரத்தார் கோயில்கள் ஒன்பதில் அது ஒன்று. மூலவர் வளரொளிநாதர் என்றாலும் ஊர்ப் பெயரே வைரவரால்தான். நாய் வாகனத்தோடு நிற்கும் சாமி. பிரசாத வடையில் ஒன்றை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, அன்றைக்கு மட்டும் ஏழு உருண்டையோடு எட்டாவதாக அதை ஒளித்துவைப்பாள். உளுந்தும் மிளகும்தான் அதில், வெங்காயம் கிடையாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்று பின்னாளில் படித்தபோது, கோயில் மடப்பள்ளிக்கு மனத்துக்குள் நன்றி சொன்னேன்.

செவலை கிழடாகிப் பல் போன பிறகும் வைக்கோலைக் கேட்டது. கண் மங்கிவிட்டது, காதும் கேட்கவில்லை. மூக்கு மட்டும் கடைசிவரை இருந்தது. ஏழுக்கு ஏழு எடுத்தது.

இதையெல்லாம் நான் மறந்திருந்தேன் என்பதுதான் வெட்கம். சென்னையில் மூன்றாம் மாடி வீடு. மகள் ஒரு சிப்பிப்பாறைக் குட்டி வாங்கிவந்தாள். ராஜபாளையம், கன்னி, கோம்பை போல அதுவும் நம் மண்ணின் இனம். முயலைத் துரத்தவே காலங்காலமாகத் தேர்ந்து வளர்த்த உடம்பு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை நின்றது. நிற்கவேண்டியதுதான். ஆனால் நாயின் காலுக்கும் மூக்குக்கும் அந்தச் செய்தி போய்ச்சேரவில்லை. ஆட்டுக்குக் காவல், வயலுக்குக் காவல், வேட்டை என்று நாய்க்கு இருந்த சோலி ஒவ்வொன்றாகக் கழன்றுபோய், இப்போது நான்கு சுவரும் ஒரு தட்டும் மிஞ்சியிருக்கின்றன. எங்கள் குட்டி சோபாவின் பஞ்சைப் பிடுங்கியது, கதவைப் பிறாண்டியது, தன் முன்னங்காலைத் தானே நக்கிப் புண்ணாக்கிக்கொண்டது. மருந்து தடவினோம். ஆறும், மறுபடி நக்கும். கால்நடை மருத்துவர் காலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதுக்குப் போரடிக்குது சார்" என்றார்.

அன்று இரவு சமையலறைக்குப் போய்த் தேங்காய் மூடி தேடினேன்.

வைக்கோலுக்குப் பதில் பழைய துண்டுகள், கிழிந்த பெட்ஷீட். கொட்டானுக்குப் பதில் அட்டைப்பெட்டி. கொட்டாங்குச்சி அதேதான், விளிம்பைப் பால்கனித் தரையில் தேய்த்தேன். உப்பில்லாத மோரை அதில் ஊற்றிப் பிரிட்ஜில் உறையவைத்தேன். மொட்டைமாடியில் பழைய பிளாஸ்டிக் தொட்டி நிறைய மணல். முழுச்சோறும் தேடித்தான் தின்னவேண்டும் என்று ஆக்கினோம். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் எதுவும் அதன் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டோம். அவையும் நாய்க்கு விஷம். ஒரு மாதத்தில் கால் புண் ஆறியது. பிறகு வரவில்லை.

ஏன் இப்படி என்று தேடிப் படித்தேன். மனித மூக்கில் மணம் உணரும் செல்கள் ஐம்பது, அறுபது லட்சம் என்கிறார்கள். நாய்க்கு இனத்தைப் பொறுத்து 30 கோடி வரை. நமக்குக் கண் எப்படியோ அப்படி அதற்கு மூக்கு. தட்டில் சோறு வைப்பது, கண்ணுள்ளவனை இருட்டறையில் உட்காரவைத்து வாயில் ஊட்டுவது போன்றது. 1963இல் கிளென் ஜென்சன் என்ற ஆய்வாளர் எலிகளுக்கு இரண்டு வழி வைத்தார். கிண்ணத்தில் சும்மா கிடக்கும் தீனி ஒன்று, நெம்புகோலை அழுத்தி வாங்கவேண்டிய தீனி ஒன்று. கிண்ணம் பக்கத்திலேயே இருந்தும் பல எலிகள் நெம்புகோலை அழுத்தப் போயின. பல விலங்குகளில் இந்தக் குணத்தைப் பிறகு கண்டிருக்கிறார்கள். வீட்டுப் பூனை மட்டும் இதற்குப் பெரும்பாலும் விலக்கு, அதற்குச் சும்மா கிடைத்தால் போதும்.

இன்னொரு ஆய்வு என்னை நிறுத்திப் படிக்கவைத்தது. 2019இல் சார்லட் டுரான்டன், அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் இருவரும் செய்தது. சில நாய்களை இரண்டு வாரம் முகர்ந்து தேடவிட்டார்கள். மற்ற நாய்களை எஜமானர் காலோடு ஒட்டி நடக்கப் பழக்கினார்கள். பிறகு, தீனி இருக்குமோ இருக்காதோ என்று சந்தேகப்படும்படியான இடத்தில் கிண்ணத்தை வைத்துப் பார்த்தார்கள். முகர்ந்து தேடிய நாய்கள் முன்பைவிட வேகமாகக் கிண்ணத்தை நோக்கிப் போயின. இருக்கும் என்று நம்பிப் போயின. படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பல்லும் கண்ணும் போன செவலை, ஏழாவது உருண்டை இருக்கும் என்று வைக்கோலுக்குள் மூக்கை விட்டபடி நின்றது நினைவுக்கு வந்தது.

கடையில் இதற்கென்றே பொம்மைகள் விற்கிறார்கள், ஆயிரம் இரண்டாயிரம் என்று. வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். ஆனால் பணத்தால் ஆவதில்லை இது. ஒளித்துவைக்க ஓர் ஆள் வேண்டும், அது தேடி முடிக்கும்வரை கூடவே நிற்க அந்த ஆளுக்குப் பொறுமை வேண்டும். அப்பத்தா எருமை கறந்து, களி கிண்டி, ஏழு பேருக்குப் பரிமாறிய பிறகு அந்தக் கால் மணி நேரத்தை எடுத்தாள்.

இப்போது கோவிலூர் வீட்டைச் சித்தப்பா பார்த்துக்கொள்கிறார். காவலுக்கு ஒரு கருப்பு நாய் வைத்திருக்கிறார். நான் போயிருந்தபோது அது வேம்படியில் சங்கிலியில் கிடந்தது. சங்கிலி எட்டும் தூரம்வரை வட்டமாகப் புல் முளைக்காத மண். ஓட்டு வேலைக்கு வந்த ஆட்களைப் பார்த்து அது குரைத்த குரைப்பில் கோபத்தைவிடக் கெஞ்சல்தான் கூடுதலாகத் தெரிந்தது. சித்தப்பாவிடம் கயிற்றைக் காட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "செவலைக் கயிறுல்ல" என்றார். அவரும் இழுத்தவர்தான்.

"காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் அவுத்துவிடுங்க சித்தப்பா. கொல்லை வேலியை நான் அடைச்சுத் தர்றேன். வெறிநாய்த் தடுப்பூசியும் இந்த வருசத்துக்குப் போட்டுருவோம்" என்றேன். கிளம்புமுன் வேலி அடைத்தோம், ஊசி போட்டோம், பக்கத்துத் தோட்டத்தில் இருந்து இரண்டு கட்டு வைக்கோல் வாங்கிப் போட்டோம். கயிற்றைப் புது உத்தரத்தில் பழைய இடத்திலேயே சொருகிவைத்தேன்.

போன வாரம் சித்தப்பா போன் பேசினார். ஓடு நன்றாக நிற்கிறதாம், அன்றைக்குப் பெய்த மழைக்கு ஒரு சொட்டு ஒழுகவில்லையாம். வைக்கும்போது மறந்துவிட்டதைப்போல ஒன்று சொன்னார். களி உருண்டை ஏழு ஒளித்துவைத்தாராம். கருப்பன் ஏழையும் எடுத்துவிட்டதாம்.